டாலிவர் தடத்தின் சரிவு

வெண்டெல் ஃபோர்ட்னரின் வலது கட்டைவிரலில் ஒரு காய்ப்பு இருந்தது. மண்வெட்டி பிடித்து வந்ததல்ல. பதினாறு வருடம் ஸ்டாப்வாட்சின் பொத்தானை அழுத்தி அழுத்தி வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டும், மாலையில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு எடுபிடியாக நின்றுகொண்டும் இருந்தவர், நாற்பத்திரண்டு வயதில் ஒரு தொழில்முறை அணிக்கு ஆள் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். அலபாமா முழுவதும், மிசிசிப்பியில் பாதியும் அவர் பொறுப்பு. முட்டைபோல் நீண்ட பந்தை நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு ஓடுகிற பையன்களில் எவன் பெரிய அணிக்குத் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எழுதி அனுப்ப வேண்டும். வருடத்தில் இருநூறு நாள் மோட்டலில் தூக்கம், காரில் சாப்பாடு. "ஊர் ஊரா போய் அடுத்தவங்க பிள்ளைகளை எடை போட்டுக்கிட்டுத் திரியிற," என்று சொல்லிவிட்டு அவர் மனைவி போய்ப் பதினொரு வருடமாகிறது. அதில் தவறாக எதுவும் இருப்பதாக வெண்டெலுக்குத் தோன்றவில்லை. எடை போடத்தான் செய்தார்.

மார்ச் மாதம் வந்தால் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு காலை வேளையை ஒதுக்கும். படிப்பு முடிக்கிற ஆட்டக்காரர்களை உள்ளாடையோடு தராசில் ஏற்றுவார்கள். உயரம், உள்ளங்கை, கையின் நீளம் எல்லாம் அளப்பார்கள். குதிக்க வைப்பார்கள். கடைசியில் நாற்பது கஜம் ஓட வேண்டும். மற்ற எண்களை எழுதிக்கொள்கிறவர்கள் இந்த எண்ணுக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஏப்ரல் கடைசியில் அணிகள் முறை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, மூன்று வருட ஆட்டம் ஒரு பக்கம், இந்த நான்கரை நொடி ஒரு பக்கம்.

டாலிவர் சின்னக் கல்லூரி. ஆற்றை ஒட்டிய ஊர், சுற்றிலும் பைன் காடு, காற்றில் கோழி ஆலையின் வாடை. அங்கே குவென்ட்ரெல் மேப்ரியை வெண்டெல் மூன்று வருடமாகப் பார்த்துவந்தார். ரன்னிங் பேக். அதாவது, பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிராளிகளின் நடுவே நுழைந்து ஓடுகிறவன். மற்ற பையன்கள் பந்து கைக்கு வந்ததும் வெறிபிடித்து ஓடுவார்கள். குவென்ட்ரெல் அரை நொடி நிற்பான். சுவரில் விரிசல் எங்கே விழப்போகிறது என்று பார்க்கிற கொத்தனார்போல நிற்பான். பிறகு அந்த இடத்தில் இருக்கமாட்டான். இடித்துத் தள்ளினாலும் முன்பக்கமாகத்தான் விழுவான், இரண்டு கஜம் கூட எடுத்துக்கொண்டு. பதினாறு வருடத்தில் இப்படி ஒருவனை வெண்டெல் பார்த்ததில்லை. அந்தக் கல்லூரிக்கு வேறு யாரும் அடிக்கடி வருவதில்லை என்பதால், இவன் தன்னுடைய கண்டுபிடிப்பு என்ற ரகசியப் பெருமையும் இருந்தது.

அன்று காலை பதினொரு அணிகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். குவென்ட்ரெல்லின் எடை இருநூற்று மூன்று பவுண்டு. நன்று. கோட்டில் குனிந்தான். வேலிக்கு அப்பால் மடக்கு நாற்காலியில் அவன் அம்மா லோரீன், ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். ஆள் பார்க்கிறவர்கள் எல்லாம் ஓட்டம் முடிகிற கோட்டில் வரிசையாக நின்று, நாற்பது கஜத்துக்கு அப்பால் தரையை விட்டு எழப்போகிற அவன் கையையே பார்த்தார்கள். கை அசைந்தது. பதினொரு கட்டைவிரல்கள் ஒன்றாக அழுந்தின.

"என்ன வச்சிருக்க?" என்று பக்கத்தில் சாய்ந்தார் ரஸ்டி லாங்லுவா. லூசியானாக்காரர், வேறொரு அணிக்காக ஆள் பார்க்கிறவர், பத்து வருடப் பழக்கம்.

"நாலு புள்ளி ஐம்பத்திரண்டு."

"எனக்கும் அதே. அப்ப ஐம்பத்தொன்பது." ரஸ்டி எழுதிக்கொண்டார்.

வெண்டெல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா முழிக்கிற? டாலிவர்னா ஏழு கூட்டணும். எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே நீதான? இந்தச் சரிவுல விட்டா இந்தத் தொப்பையோட நான்கூட நாலு ஐம்பதுல வருவேன்."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். எல்லாப் பேனாக்களும் ஐம்பத்தொன்பது என்று எழுதிக்கொண்டிருந்தன.

இந்தத் தொழிலில் அது ஒரு வழக்கம். சில கல்லூரிகளின் தடம் வேகமானது, சிலதில் காற்று முதுகைத் தள்ளும். அங்கே ஓடினால் நொடியில் நூற்றில் இத்தனை பங்கு கூட்டிக்கொள் என்று ஒவ்வோர் அணியின் கோப்பிலும் ஒரு பட்டியல் இருக்கும். யார் முதலில் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. டாலிவருக்கு எழுதியது யார் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், வெண்டெல் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், இதே கோட்டில் நின்றிருந்தார். இடது கையில் அவித்த வேர்க்கடலைப் பொட்டலம். உப்புத்தண்ணீர் வலது கையிலும் பட்டிருந்தது. பந்து பிடிக்கிற பையன் ஒருவன் ஓடத் தொடங்கியபோது கட்டைவிரல் பொத்தானில் வழுக்கியது. மறுபடி அழுத்துவதற்குள் பையன் ஓர் எட்டு வைத்துவிட்டான். வெண்டெலின் கையில் நாலு முப்பத்தொன்பது. மற்றவர்களிடம் நாலு நாற்பத்தாறு. அப்படித் தவறவிட்டால் பக்கத்து ஆளிடம் கேட்டு அவன் எண்ணை எழுதிக்கொள்வதுதான் முறை. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். புதிதாக வந்தவருக்கு அது தெரியும், கேட்க நா எழவில்லை. கையில் இருந்ததையே எழுதினார். அந்த எண்ணைப் பார்த்து அவருடைய அணி அந்தப் பையனை மூன்றாவது சுற்றிலேயே எடுத்தது. இரண்டு வருடம் பெஞ்சில் இருந்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனான்.

"முப்பத்தொன்பதுல ஓடினவன் ஏன் மாட்டுவண்டி மாதிரி ஓடுறான்?" என்று அப்போதிருந்த இயக்குநர் கேட்டார்.

"அந்தத் தடம் ஆத்துப் பக்கமா சரிவு சார்," என்றார் வெண்டெல். யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்தது. "அங்க எவன் ஓடினாலும் வேகமாத்தான் தெரியும்."

இயக்குநர் கோப்பில் எழுதிக்கொண்டார்: டாலிவர், ஏழு கூட்டு, தகவல் ஃபோர்ட்னர். அடுத்த மாதம் ஒரு கெளுத்தி மீன் கடையில் மற்ற அணிக்காரர்களோடு சாப்பிடும்போது பேச்சு அங்கே வந்தது. வெண்டெல் அதையே மறுபடி சொன்னார். ஒருவரும் சந்தேகப்படவில்லை. டாலிவர் பையன் ஒருவனை நம்பிக் கெட்டவர்கள் அந்த மேஜையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. தடம் ஆற்றைப் பார்த்து முடிகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கும் அது இறங்குவதுபோலவே பட ஆரம்பித்தது. சில வருடங்களில் வெண்டெலுக்கே பட ஆரம்பித்தது.

வெண்டெலின் அலுவலகத்தில் இப்போது ஒரு கணக்கு இருந்தது. ரன்னிங் பேக் நாலு ஐம்பத்தைந்துக்குள் வராவிட்டால் அவன் பெயர் தேர்வுப் பலகையில் ஏறாது. ஐம்பத்திரண்டு ஏறும். ஐம்பத்தொன்பது ஏறாது.

"மிஸ்டர் வெண்டெல்." குவென்ட்ரெல் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி வந்தான். "எவ்வளவுன்னு சொல்லக்கூடாதுன்னு தெரியும். முகத்தை மட்டும் காட்டுங்க, நானே பாத்துக்கறேன்."

வெண்டெல் சிரிக்க முயன்றார். "நல்லாத்தான் ஓடின."

"நல்லான்னா?"

"ஐம்பத்திரண்டு."

குவென்ட்ரெல் வேலியைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்தான், பிறகு இரண்டு விரலை. லோரீன் எழுந்து நின்றாள். கைதட்டவில்லை. கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் கிளம்பிப் போன பிறகு வெண்டெல் தடத்தில் தனியாக நின்றார். காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து, ஓட்டம் முடிகிற கோட்டில் கவிழ்த்தார். ரப்பரின் மேல் தண்ணீர் குட்டையாகத் தேங்கி நின்றது. பிறகு மெல்ல ஒரு நாக்கு நீண்டது. ஆற்றை நோக்கி அல்ல. ஓட்டம் தொடங்குகிற பக்கம்.

"என் தடத்துல எதுக்குத் தண்ணி ஊத்துறீங்க?"

மைதானங்களைப் பராமரிக்கிற ஒடெஸா க்ரூம் புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"இது சரிவா இருக்கான்னு பாத்தேன்."

"சரிவுதான்."

வெண்டெலுக்கு ஒரு கணம் உயிர் வந்தது.

"நீங்க நினைக்கிற பக்கம் இல்ல. ஓடி முடிக்கிற பக்கம் ரெண்டு இன்ச்சு உசரம். ஆத்துல வெள்ளம் வந்தா இங்க தேங்கக்கூடாதுன்னு மண்ணடிச்சு ஏத்தினது. போன வருஷம்கூட லேசர் மட்டம் வச்சுப் பாத்தேன்."

"எப்ப ஏத்தினாங்க? சமீபத்துலயா?"

"தொண்ணூத்தாறுல. தடம் போட்டப்பவே. அப்புறம் மேல் ரப்பரை மட்டும்தான் மாத்தறோம்." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கடிகாரத்தோட வர்ற ஆளுங்க எல்லாம் இங்க வந்து இறக்கம், இறக்கம்னு பேசுறீங்க. ஒருத்தராவது என்கிட்ட கேட்டீங்களா?"

சமீபத்தில் என்று அவள் சொல்லியிருந்தால் போதும். முன்பு சரிவாக இருந்தது, இப்போது சரிசெய்துவிட்டார்கள் என்று எழுதிவிடலாம். பழைய பொய்யை அப்படியே புதைத்து, மேலே ரப்பர் போட்டுவிடலாம். தொண்ணூற்றாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

காரில் உட்கார்ந்து அலுவலகத்துக்கு அழைத்தார். எண்களைப் பார்த்துக்கொள்கிற கோல்பி ரிஸ்டோ எடுத்தான். முப்பது வயது. மரியாதையான பையன். யாரையும் மட்டம்தட்டிப் பேசாதவன். அதனாலேயே அவனோடு வாதாடுவது கஷ்டம்.

"கோல்பி, மேப்ரிக்கு ஏழு கூட்டாத."

"கூட்டியாச்சே வெண்டெல். ஐம்பத்தொன்பது. உங்க குறிப்புதான், பேர்கூட இருக்கு."

"தடத்தை மறுபடி பாத்தேன். அவ்வளவு சரிவாத் தெரியல."

"சரி. அப்ப எவ்வளவு? அஞ்சா, நாலா?"

"அப்படி இல்ல."

"எனக்கு ஒரு எண் வேணும். எண்ணும், ஏன்னு ஒரு வரியும் கொடுங்க, உடனே மாத்திடறேன்."

கண்ணாடிக்கு வெளியே லோரீன் மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துபோனாள். வெண்டெலைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"அப்புறம் சொல்றேன்," என்றார் வெண்டெல்.

அந்த அப்புறம் நான்கு வாரம் நீண்டது. அவருடைய ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது. ஐம்பத்தெட்டு வயது ஆளை வேறு அணி எடுக்காது. ஒரு வரியை எத்தனையோ மோட்டல் மேஜைகளில் எழுதிப் பார்த்தார். தடம் குறித்த முந்தைய தகவல் மறுபரிசீலனைக்குரியது. தடம் குறித்து மாற்றுக் கருத்து நிலவுகிறது. எல்லா வரிகளிலும் எழுவாய் தடமாகவே இருந்தது.

ஏப்ரலில் அலுவலகத்தின் பெரிய அறையில் கூடினார்கள். சுவர் முழுக்கப் பலகை, காந்தத்தில் ஒட்டிய பெயர் அட்டைகள். ரன்னிங் பேக்குகளின் முறை வந்தது. மேப்ரியின் அட்டை மேஜையின் ஓரத்தில், தேறாதவர்களின் அட்டைக்கட்டில் கிடந்தது. இயக்குநர் அடுத்த பெயருக்குப் போகும்போது வெண்டெல் எழுந்தார்.

"மேப்ரியோட நேரம் தப்பு. அவன் ஐம்பத்திரண்டு."

"தடம் சரிவுன்னு..."

"தடம் சரிவில்ல. எப்பவுமே இருந்ததில்ல. பாக்கப்போனா ஏத்தம். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி என் விரல் வழுக்கிடுச்சு. நாலு முப்பத்தொன்பதுன்னு எழுதிட்டேன். நீங்க இல்ல, பழைய இயக்குநர் கேட்டப்ப தடத்து மேல பழியைப் போட்டேன்."

யாரோ வாயில் ஐஸ் கடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. கோல்பி கணினியில் ஐம்பத்தொன்பதை அழித்து ஐம்பத்திரண்டு என்று அடித்தான். எழுந்துபோய் மேப்ரியின் அட்டையை எடுத்துப் பலகையில் ஐந்தாவது வரிசையில் ஒட்டினான். மூன்று வருடமாக வெண்டெல் மனதுக்குள் பார்த்துவந்த காட்சி. தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"ஓட்டம் சரி," என்றார் இயக்குநர். "மத்த அறிக்கை எல்லாம் யாரு எழுதினது?"

"வெண்டெல்," என்றான் கோல்பி.

"வேற யாரு நேர்ல பாத்தது?"

சின்னக் கல்லூரி. வேறு யாரும் போகவில்லை.

இயக்குநர் அறிக்கையை எடுத்து ஒரு வரியை உரக்கப் படித்தார். "'விரிசல் விழுவதற்கு முன்பே அதைப் பார்க்கிறான்.' நல்லா எழுதியிருக்கீங்க." தாளை வைத்தார். "கையில கடிகாரம் இருந்தும் பதினாலு வருஷம் பொய் சொன்னவர், வெறும் கண்ணால பாத்தேன்னு சொல்றதை நான் எதை வச்சு நம்பட்டும்?"

"வீடியோ இருக்கு. போட்டுப் பாருங்க சார்."

"நாளன்னிக்குத் தேர்வு, வெண்டெல்."

கோல்பி இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "முப்பத்தொரு பேர்," என்றான், யாரிடமும் சொல்லாததுபோல. "ஏழு கூட்டி எழுதினது. அதுல அந்த ஏழாலயே நம்ம வரம்பைத் தாண்டி வெளியே போனது ஒன்பது பேர். மத்த அணிகள்ல எத்தனை பேருன்னு தெரியல."

குவென்ட்ரெல்லைத் தவிர வேறு ஒருவனையும் வெண்டெல் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அந்த முப்பத்தொரு பேர் ஓடியபோதெல்லாம் அங்கேதான் நின்றார். தன் கையாலேயே கூட்டி எழுதினார்.

இயக்குநர் கையசைத்தார். கோல்பி அட்டையைப் பலகையிலிருந்து எடுத்தான். காந்தம் விடும்போது ஒரு சின்ன சத்தம்.

மூன்று நாள் தேர்வு நடந்தது. இருநூற்றுச் சொச்சம் பெயர்களில் மேப்ரி இல்லை. பிறகு ஓர் அணி அவனை மூன்று நாள் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டு, பந்தை நான்கு தடவை கையில் கொடுத்துப் பார்த்துவிட்டு, பஸ் டிக்கெட் கொடுத்து அனுப்பியது. மே மாதம் வெண்டெலுக்கு இரண்டு வரிக் கடிதம் வந்தது. ஸ்டாப்வாட்ச் அணியின் சொத்து என்பதால் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த மார்ச்சில் வெண்டெல் டாலிவருக்குப் போனார், வேலிக்கு வெளியே நிற்கிறவராக. முந்தின வருடத்து ஆட்டக்காரர்கள் இன்னொரு தடவை வந்து ஓடிப் பார்க்கலாம். குவென்ட்ரெல் வந்திருந்தான். ஆலையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். ஓடினான். வெண்டெலின் கையில் கடிகாரம் இல்லை. வெறும் கட்டைவிரல் தானாக அழுந்தியது.

ரஸ்டி வேலியோரம் வந்தார். "ஐம்பத்து நாலு. இந்தப் பையன் பரவாயில்லப்பா. அறுபத்தொண்ணு."

"ரஸ்டி. என் ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்யா. ஊருக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் கூட்டுற?"

ரஸ்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எங்க கோப்புலயும் அது இருக்குல்ல. எடுக்கணும்னா ஏன்னு எழுதணும். ஏன்னு எழுதினா, பத்து வருஷமா இங்க நின்ன நான் ஒரு தடவைகூட குனிஞ்சு பாக்கலன்னு ஆகும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, வெண்டெல். நீயே சொல்லு." பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

குவென்ட்ரெல் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். வெண்டெல் வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் அவன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். வேர்க்கடலை, வழுக்கின விரல், இயக்குநர், ஏழு, கூட்டி எழுதப்பட்ட மற்ற பையன்கள். இந்தத் தடவை எழுவாயை மாற்றவில்லை. குவென்ட்ரெல் இரண்டு சாக்ஸையும் சுருட்டி ஷூவுக்குள் திணித்தான்.

"நாலு வருஷம் இதுல ஓடியிருக்கேன்," என்றான். "கடைசி பத்து கஜம் தொடையில பிடிக்கும். ஏத்தம்னு எங்க எல்லாருக்குமே தெரியும். உங்களுக்கும் தெரியும்னு நினைச்சோம். அதுக்குத்தான் ஏதோ கழிச்சுக்குவாங்கன்னு பசங்க பேசிக்குவோம்."

வெண்டெல் திரும்பி, ஓட்டம் முடிகிற கோட்டைப் பார்த்தார்.

"எத்தனை பேருன்னீங்க?"

"முப்பத்தொண்ணு."

"அவங்ககிட்டச் சொல்லியாச்சா?"

"இல்ல."

குவென்ட்ரெல் எழுந்தான். வெறுங்காலோடு வேலியை ஒட்டி வாகனம் நிற்கிற இடத்துக்கு நடந்தான். வெண்டெல் பின்னால் போனார்.

"டெவான்டே இங்க ரெண்டு மைல்ல டயர் கடையில இருக்கான். எனக்கு மூணு வருஷம் சீனியர். நாலு நாப்பத்தொன்பதுல ஓடினவன். யாருமே எடுக்காததால, இன்னும் தான் மெதுவா ஓடினதா நினைச்சுக்கிட்டிருக்கான்." காரின் பின்கதவைத் திறந்து பிடித்தான். "ஏறுங்க. அவன்ல இருந்து ஆரம்பிப்போம்."

"நீ தூங்கணுமே. ராத்திரி வேலை."

"ஏறுங்க, மிஸ்டர் வெண்டெல்."

முன்சீட்டில் லோரீன் உட்கார்ந்திருந்தாள். திறந்திருந்த கண்ணாடி வழியே அவளுக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை. பின்சீட்டில் மடக்கு நாற்காலி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. வெண்டெல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.